நாளிதழ் அழுகும் பொருளா?

சற்று நீண்ட பதிவு. பொறுமை உள்ளவர்கள் தொடர்க.

சென்ற வாரம் ஒரு கருத்தரங்கில் என் ஆய்வேட்டின் ஓர் இயலை வாசித்தேன். போர்ட் பிளேர்த் தெருக்களில் கண்ணில் படும் எழுத்துகளைப் பற்றியது அது. (2024 செப்டம்பரில் அந்நகருக்கு ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்டது. நான் பிறந்து வளர்ந்த ஊர். நாக்கு பழைய பெயருக்கே பழகியிருக்கிறது. இங்கும் அதையே எழுதுகிறேன்.) கடைப் பெயர்ப்பலகை, பேருந்தின் முகப்பு, கோயில் அறிவிப்பு ஆகியவற்றோடு, நடைபாதையில் பலகை போட்டு விற்கப்படும் நாளிதழ்களையும் தரவாகச் சேர்த்திருந்தேன். அப்பலகைகளை எங்கே வைக்கலாம், எங்கே வைக்கக்கூடாது என்பதற்கு எழுதப்பட்ட, அளவுகளோடு கூடிய உள்ளூர் விதி வேண்டும் என்றேன். அவ்விதி எப்படி இருக்கக்கூடாது என்பதை அமெரிக்க நகரங்களின் நாளிதழ்ப் பெட்டி வழக்குகளிலிருந்து கற்கலாம் என்றும் சொன்னேன். மூத்த பேராசிரியர் ஒருவர் எழுந்தார். "நம் நாட்டில் இல்லாத பெட்டிக்காக, நம் நாட்டில் இல்லாத சிக்கலைக் கப்பலேற்றிக் கொண்டுவருகிறீர்கள்" என்றார். அவை சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன். அன்று சொல்லாமல் விட்ட மறுமொழி இது.

முதலில் அந்தப் பெட்டி. அமெரிக்க நகரங்களின் நடைபாதை ஓரங்களில் இடுப்பளவு உயரத்தில் நின்ற உலோகப் பெட்டி அது. காசு போட்டால் கதவு திறக்கும். உள்ளே அன்றைய நாளிதழ்க் கட்டு முழுவதும் கைக்கெட்டும். ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு கதவை மூடிவிட வேண்டும் என்பது நம்பிக்கை. ஆளில்லா விற்பனையில் அத்தனை நம்பிக்கை வைத்த வேறொரு கருவியை நான் அறியேன். அந்தப் பெட்டியை நம் தீவில் வைத்தால் இரண்டு மழைக்காலமும் கடற்காற்றின் உப்பும் சேர்ந்து அதைத் துருப்பிடிக்க வைத்துவிடும் என்பது வேறு செய்தி.

ஓஹியோ மாநிலத்தின் லேக்வுட் என்னும் சிறுநகரம் இப்பெட்டிகளுக்கு ஒரு விதி எழுதியது. பெட்டி வைக்க மேயரிடம் ஆண்டு அனுமதி பெற வேண்டும்; மேயர் தமக்குத் தேவை என்றும் நியாயம் என்றும் தோன்றும் வேறு நிபந்தனைகளையும் விதிக்கலாம். 'பிளெயின் டீலர்' நாளிதழ் வழக்குத் தொடுத்தது. 1988இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், நான்குக்கு மூன்று என்ற மயிரிழைப் பெரும்பான்மையில், அவ்விதி செல்லாது என்றது. மேயர் எந்த நாளிதழையும் உண்மையில் ஒடுக்கினாரா என்பது அங்கே கேள்வியே அன்று. ஒடுக்க விரும்பும் மேயருக்கும் ஒடுக்க விரும்பாத மேயருக்கும் அவ்விதி ஒரே கைத்தடியைக் கொடுத்தது. அதுவே குற்றம் எனக் கொள்ளப்பட்டது. பிறகு சின்சினாட்டி. அந்நகரத்தில் ஏறத்தாழ 1,500 முதல் 2,000 பெட்டிகள் இருந்தன. நடைபாதையின் அழகையும் பாதுகாப்பையும் காரணம் காட்டி, விளம்பரத் தன்மையுள்ள இதழ்களின் 62 பெட்டிகளை மட்டும் அகற்ற நகராட்சி முனைந்தது. 1993இல் அதே நீதிமன்றம் அதையும் ஏற்கவில்லை. மற்றப் பெட்டிகளும் அதே அளவு இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும்போது இந்த 62 மட்டும் எப்படி அழகைக் கெடுக்கும் என்பது எளிய கேள்வி. நகராட்சியிடம் அதற்கு விடையில்லை.

இது அமெரிக்கச் சிக்கல் என்கிறார் பேராசிரியர். லேக்வுட் தீர்ப்புக்குப் பதினாறு ஆண்டுகளுக்கு முன்பே, 1972இல், நம் உச்ச நீதிமன்றம் இதே கேள்வியைச் சந்தித்து இதே விடையைத் தந்திருக்கிறது. அகமதாபாத்தில் தெருவில் பொதுக்கூட்டம் நடத்தக் காவல் ஆணையரின் முன் அனுமதி வேண்டும் என்றொரு விதி இருந்தது. எந்த அடிப்படையில் அனுமதி தரலாம், எந்த அடிப்படையில் மறுக்கலாம் என்று அவ்விதி ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஹிமத் லால் ஷா வழக்கில் ஐவர் அமர்வு அதைச் செல்லாதது என்றது. தெருவை ஒழுங்குபடுத்த அரசுக்கு அதிகாரம் உண்டு. வழிகாட்டுதல் இல்லாத விருப்புரிமையை ஓர் அலுவலர் கையில் கொடுக்க அதிகாரம் இல்லை. இதுதான் சாரம். கப்பலேற்றிக் கொண்டுவர வேண்டிய சரக்கு எதுவும் இதில் இல்லை. உள்ளூர்க் கிடங்கிலேயே இருக்கிறது. நாம்தான் திறந்து பார்க்கவில்லை.

அதற்கும் முன்னால் 1950. பம்பாயிலிருந்து வெளிவந்த 'கிராஸ் ரோட்ஸ்' என்ற வார இதழ் சென்னை மாநிலத்துக்குள் நுழையக்கூடாது என்று நம் சென்னை அரசு தடைவிதித்தது. ரொமேஷ் தாப்பர் வழக்கில் உச்ச நீதிமன்றம், பரவலுக்கு வழியில்லாத வெளியீட்டால் பயனில்லை எனக் கண்டு, இதழைப் பரப்பும் உரிமையையும் கருத்துரிமையின் பகுதியாக ஏற்றது. அச்சகத்தில் சுதந்திரமாக அச்சாகி வாசகர் கைக்கு வராத இதழ் கிடங்கில் கிடக்கும் தாள்தான். அச்சகத்துக்கும் கைக்கும் நடுவே இருக்கும் கடைசி ஆறடி நிலம் நடைபாதை. நம் ஊடகவியல் துறைகள் செய்தி அறையைப் பற்றி எழுதிக் குவித்திருக்கின்றன. அந்த ஆறடியைப் பற்றி எழுதியதை நான் அதிகம் பார்த்ததில்லை.

இப்போது என் துறைக்கு வருகிறேன். சட்டத்துறை நண்பர்கள் பொறுத்துக்கொள்க.

நடைபாதை விற்பனையாளர் எவரிடமாவது "இந்த இடத்தில் போடலாம் என்று யார் சொன்னார்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். போர்ட் பிளேரில் ஓர் அண்ணாச்சியிடம் நான் கேட்டேன். எனக்கு நினைவு தெரிந்த நாளாக நாளிதழ் விற்பவர். "யாரும் ஒண்ணும் சொல்லலை தம்பி. சொல்ற வரைக்கும் இருக்க வேண்டியதுதான்" என்றார். சென்னையிலும் மதுரையிலும் இதே கேள்வியைக் கேட்டேன். ஏறத்தாழ இதே விடை, அல்லது இதன் மறுபக்கம்: "எடுக்கச் சொல்லிட்டாங்க." இந்த வாக்கியத்தை இலக்கண மாணவர்கள் சற்று நின்று நோக்க வேண்டும். எழுவாய் இல்லை. வினைமுற்று பலர்பால் படர்க்கை. தமிழில் எழுவாயைத் தொகையாக விடுவது இயல்பு. சூழலிலிருந்து அதை மீட்டுக்கொள்வோம். இங்கே மீட்க முடியாது. யார் சொன்னார்கள் என்று மீண்டும் கேட்டால், "அவங்கதான்" என்று விடை வரும். சுட்டுப்பெயருக்குச் சுட்டப்படும் பொருள் இல்லை. எழுதப்படாத விதி எங்கே வாழ்கிறது என்று கேட்போருக்கு என் விடை: இந்த எழுவாய் இல்லாத வாக்கியத்தில் வாழ்கிறது. மேல்முறையீடு செய்வதற்கு முதலில் ஓர் எழுவாய் வேண்டும்.

நாம் புழங்கும் பெயர்ச்சொற்களும் அப்படியே. மூன்றடிப் பலகை ஒன்று நடைபாதையில் இருந்தால் அதற்கு அலுவலகத் தமிழில் பெயர் 'ஆக்கிரமிப்பு'. ஒரு நாட்டின் படை இன்னொரு நாட்டுக்குள் புகுந்தாலும் அதே சொல்தான். 'புறம்போக்கு' என்பது தீர்வைக்கு உட்படாத நிலத்தைக் குறிக்கும் வருவாய்த்துறைக் கலைச்சொல்லாக இருந்தது. மனிதரைத் திட்டும் சொல்லாகத் தெருவில் இறங்கிவிட்டது. நிலத்தின் வகைப்பாடு அந்நிலத்தில் நிற்பவரின் தகுதியாக மாறிய கதை அது. பலகைக்காரர் இந்த இரு சொற்களுக்கும் நடுவே உட்கார்ந்திருக்கிறார்.

இதற்கு ஒரு நல்ல எதிர்ச்சான்றும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் நேர்மையன்று. 2014 மே 1 அன்று நடைமுறைக்கு வந்த தெருவோர வியாபாரிகள் சட்டம், தெருவோர வியாபாரி யார் என வரையறுக்கும்போது நடைபாதையைப் பெயர் சொல்லியே சேர்க்கிறது; கூவி விற்பவர், திரிந்து விற்பவர், அமர்ந்து விற்பவர் எனப் பட்டியலிட்டுவிட்டு, உள்ளூரிலும் வட்டாரத்திலும் வழங்கும் இணைச்சொற்கள் எல்லாம் இதில் அடங்கும் என்றும் சொல்கிறது. வட்டார வழக்கை இவ்வளவு மதித்த வரையறையை இந்தியச் சட்டங்களில் நான் வேறெங்கும் கண்டதில்லை. அச்சட்டத்தின் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 விழுக்காடு வியாபாரிகளின் பிரதிநிதிகளாக இருக்க வேண்டும். அவர்களுள் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். நகர மக்கள்தொகையில் இரண்டரை விழுக்காடு வரை விற்பனையாளர்களுக்கு இடம் தரலாம். 2011 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் வாழ்ந்த போர்ட் பிளேருக்கு அக்கணக்கு ஏறத்தாழ 2,500 பேர். கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் வழங்கப்படும் வரை எவரையும் அப்புறப்படுத்தக்கூடாது. அதன் பின்னும் முப்பது நாள் அறிவிப்பு வேண்டும். "சொல்ற வரைக்கும்" என்று காத்திருக்கும் அண்ணாச்சிக்கு உண்மையில் இத்தனை சட்டம் பின்னால் நிற்கிறது. அவருக்கு அதை யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர்களுள் என்னைப் போன்றோரும் அடக்கம்.

ஆனால் இச்சட்டம் நாளிதழை வேர்க்கடலையிலிருந்து வேறுபடுத்திப் பார்ப்பதில்லை. நாளிதழ் விற்பவருக்கெனத் தனி விதி ஏதும் அதில் இல்லை. ஒருவகையில் நன்று; எந்த இதழ், எந்த மொழி என்று அரசு தேர்ந்தெடுக்க இடமில்லை. இன்னொரு வகையில் இது அபத்தத்தில் முடிகிறது. கைப்பற்றப்பட்ட பொருளைத் திருப்பித் தரும் பிரிவைப் பாருங்கள். வியாபாரி கேட்டால், அழுகும் பொருளை அன்றே திருப்பித் தர வேண்டும். அழுகாத பொருளை இரண்டு வேலை நாள்களுக்குள் தந்தால் போதும். நாளிதழ் எதில் சேரும்?

பொருளின் இயல்பைக் கொண்டு பார்த்தால் தாள் அழுகாது. இரண்டு நாள் கழித்துத் திருப்பிக் கொடுத்தாலும் எடை குறையாது. பழைய தாள் வாங்குபவர் அதே விலைக்கு எடுத்துக்கொள்வார். நாளிதழ் என்ற சொல்லைக் கொண்டு பார்த்தால் விடை வேறு. நாள் என்பது அதன் பெயரிலேயே இருக்கிறது. மாலைக்குள் கெட்டுப்போகும் மீனைவிட விரைவாகக் கெட்டுப்போவது அன்றைய செய்தி. தீவில் இது இன்னும் கூர்மையானது. சென்னையிலிருந்து 1,300 கிலோமீட்டருக்கும் மேல் கடல் தாண்டி வானூர்தியில் வரும் நாளிதழ் வந்திறங்கும்போதே தன் ஆயுளில் ஒரு பகுதியை இழந்துவிடுகிறது. வெள்ளிக்கிழமை எடுத்துச் செல்லப்பட்ட கட்டு, இரண்டு 'வேலை நாள்' கணக்கில் செவ்வாய்க்கிழமை திரும்பினால், சட்டம் முழுமையாகக் கடைப்பிடிக்கப்பட்டிருக்கும்; நாளிதழ் செத்திருக்கும். உள்ளூர் விதியில் ஒரே ஒரு வரி போதும்: நாளிதழும் பருவ இதழும் அழுகும் பொருளாகக் கொள்ளப்படும் என்று. செலவில்லாத இந்த ஒரு வரியை எழுதுவதற்கு நாளிதழ் என்றால் என்ன என்று தெரிந்த ஒருவர் வரைவு எழுதும் மேசையில் இருக்க வேண்டும், அவ்வளவே.

இதே சட்டம் ஆளில்லாப் பெட்டியை அறவே ஏற்காது என்பதையும் கவனிக்க வேண்டும். சான்றிதழ் பெறுபவர் தாமோ தம் குடும்பத்தினரோ நேரில் விற்பதாக உறுதி தர வேண்டும். வேறு பிழைப்பு இல்லை என்றும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் நடைபாதையின் உரிமை பெட்டிக்காரருக்கு, அதாவது பதிப்பாளருக்கு. இங்கே அது உட்கார்ந்திருக்கும் மனிதருக்கு. இத்தேர்வை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். பெரிய நிறுவனம் நூறு பெட்டிகளை இறக்கி அண்ணாச்சியின் மூன்றடியை விழுங்குவதை நவீனம் என்று எவரேனும் சொன்னால் என் எதிர்ப்பு முதலில் வரும். அமெரிக்க வழக்குகளிலிருந்து எனக்கு வேண்டியது பெட்டி அன்று. விதி எழுதுபவரின் கையைக் கட்டிய அந்தத் தருக்கம்.

அந்தத் தருக்கம் நமக்கு ஏன் தேவைப்படுகிறது என்றால், நம் அரசமைப்பில் அண்ணாச்சி ஒரு கூறிலும் அவர் விற்கும் தாள் வேறொரு கூறிலும் இருக்கின்றன. 1989இன் சோதன் சிங் வழக்கில், தெருவில் விற்பது தொழில் உரிமை என்று ஏற்கப்பட்டது. உறுப்பு 19(1)இன் (எ) பிரிவுக்குள் தாள் வருகிறது. (ஜி) பிரிவுக்குள் ஆள் வருகிறார். தொழில் உரிமையைப் 'பொதுமக்கள் நலன்' என்ற அகன்ற காரணத்தால் கட்டுப்படுத்தலாம். கருத்துரிமையை அப்படி முடியாது. அதற்கெனத் தனியே எண்ணி வைத்த காரணங்களுள் பொதுமக்கள் நலன் இல்லை. 1961இல் புனேயின் 'சகாள்' நாளிதழ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது: பக்க எண்ணிக்கைக்கேற்ப விலை விதிப்பதும் வணிக ஒழுங்கு என்ற பெயரில் கருத்துரிமையைக் குறைப்பதே. ஆக, ஒரே பலகையை நகராட்சி 'வியாபாரம்' என்று பெயரிட்டால் எளிதில் அகற்றலாம். 'நாளிதழ் பரவல்' என்று பெயரிட்டால் பத்துமுறை யோசிக்க வேண்டும். பெயரிடுவது யார்? மொழியியலாளர் இந்த இடத்தில் அமைதியாக இருப்பது என்ன நியாயம்? "இது நம் துறைக்குள் வராது" என்று அன்று இன்னொருவரும் சொன்னார். வேறு எது வரும் என்று அவர் சொல்லவில்லை.

தீவில் இதற்கு இன்னொரு கனம் உண்டு. 2011 கணக்கெடுப்பில் அந்தமான் நிகோபாரின் தாய்மொழிகளுள் வங்காளம் 28.5 விழுக்காடு, இந்தி 19.3, தமிழ் 15.2. அடுத்து தெலுங்கு, நிகோபாரி, மலையாளம். நிர்வாகமே வெளியிடும் நாளிதழ்கள் இரண்டு: ஆங்கிலத்தில் 'தி டெய்லி டெலிகிராம்ஸ்', இந்தியில் 'த்வீப் சமாச்சார்'. அவற்றுக்கு அரசின் தோள் இருக்கிறது. மற்ற மொழி இதழுக்கு இருக்கும் தோள் நடைபாதைப் பலகைதான். லாண்ட்ரியும் பூரிஸும் 1997இல் ஒரு பகுதியின் மொழிநிலக் காட்சி என்று பேசியபோது சாலைப் பலகை, விளம்பரம், தெருப்பெயர், கடைப்பெயர், அரசுக் கட்டட அறிவிப்பு ஆகியவற்றை எண்ணினார்கள். பலகையில் விரித்த நாளிதழை எண்ணவில்லை. அது விற்பனைப் பொருள், அறிவிப்பு அன்று எனலாம். ஆனால் வாங்காதவர் கண்ணிலும் அது படுகிறது. நம் ஊர்ப் பெட்டிக்கடைகளில் கம்பிச் சட்டத்தில் மாட்டித் தொங்கும் செய்திப் போஸ்டரை எத்தனை பேர் காசு கொடுக்காமல் நின்று படித்துவிட்டுப் போகிறார்கள்! வீட்டுக்குச் சந்தாவாக வரும் இதழுக்கு அந்த வேலை இல்லை. பலகையைத் தெருவிலிருந்து எடுத்தால் விற்பனை குறைவது ஒரு பக்கம். ஓர் எழுத்து தெருவிலிருந்து மறைவது இன்னொரு பக்கம்.

என் சொந்தக் கதையைச் சொல்ல வேண்டிய இடம் இது. என் தாத்தா இராமநாதபுரத்திலிருந்து தீவுக்குப் போனவர். நான் பள்ளியில் தமிழைப் பாடமாகப் படித்ததில்லை. வீட்டில் பேச்சு உண்டு, எழுத்து இல்லை. அப்பா மாலையில் அண்ணாச்சியிடம் நின்று பேசும்போது நான் பலகைக்குப் பின்னால் அவருடைய முக்காலியின் அருகே நிற்பேன். நாளிதழ்கள் தெருவை நோக்கி விரிந்திருக்கும். எனவே எனக்கு எழுத்துகள் தலைகீழாகவே தெரியும். முதலில் தெரிந்துகொண்ட எழுத்து 'ட'. தலைகீழாகப் பார்த்தாலும் அது ஒரு மூலைதான். மற்றவற்றை அண்ணாச்சி விரலால் காட்டிச் சொல்லிக்கொடுத்தார். மொழியியலில் முதுகலைப் பட்டம் வாங்கிய பிறகும் கட்டித் தலைப்பெழுத்தைத் தலைகீழாக வாசிக்கும் வேகம் எனக்குக் குறையவில்லை. என் நோக்கில் சார்பு இருக்கிறது என்று சொல்பவர்கள் இதைச் சான்றாக எடுத்துக்கொள்ளலாம், நானே தருகிறேன்.

தீவில் நாளிதழைப் பற்றிப் பேசும்போது சிறையைத் தாண்டிப் போக முடியாது. அலகாபாத்தில் 1907இல் தொடங்கிய 'ஸ்வராஜ்யா' என்னும் உருது வார இதழின் ஆசிரியர்கள் ஒருவர்பின் ஒருவராகத் தண்டிக்கப்பட்டார்கள். நந்த் கோபாலும் லதா ராமும் செல்லுலார் சிறைக்கு அனுப்பப்பட்டவர்கள். எழுதியவர்களைக் கடல்தாண்டிக் கொண்டுவந்து அடைத்த ஊர் இது. அதே சிறையில் 1933 மே மாதம் கைதிகள் உண்ணாநோன்பு தொடங்கினார்கள். நல்ல உணவு, விளக்கு ஆகியவற்றோடு நாளிதழ் படிக்கும் உரிமையும் அவர்கள் கோரிக்கையில் இருந்தது. மகாவீர் சிங், மோகன் கிஷோர் நாமதாஸ், மோஹித் மொய்த்ரா ஆகிய மூவர் அந்நோன்பில் இறந்தார்கள். ஆண்டுதோறும் அவர்கள் பெயரைச் சொல்லி மாலை அணிவிக்கிறோம். அச்சிறை இருக்கும் நகரத்தில் நாளிதழ் எங்கே வைக்கப்படலாம் என்ற கேள்வியைச் சில்லறை என்று தள்ளுபவர்களோடு எனக்கு வாதமே இல்லை. அவர்கள் மாலைக்கான செலவை மிச்சப்படுத்திக்கொள்ளலாம்.

இதுவரை கைதட்டியவர்கள் சிலர் இனி முகம் சுளிக்கக்கூடும். நாளிதழ் என்றாலே புனிதம், அதற்கு விதி என்றாலே தணிக்கை என்று பேசும் தோழர்கள் எனக்கு உண்டு. அவர்களை என் விடுதித் தோழர் ஒருவரோடு ஒரு காலை நடந்துவரச் சொல்வேன். அவருக்குப் பார்வை இல்லை. வெள்ளைக்கோல் தரையைத் தடவித்தான் தடையைச் சொல்லும். தரையிலிருந்து எழும் கால்களோடு நிற்கும் பலகையைக் கோல் கண்டுபிடிக்கும். சுவரிலிருந்து நீட்டிய, கீழே வெறுமையாக இருக்கும் பலகையைக் கோல் தவறவிடும். முழங்காலோ இடுப்போதான் கண்டுபிடிக்கும். இதழ்களைக் கிளிப் போட்டு மாட்டிய கயிறு முகத்தில் அறையும். "கருத்துரிமை என் நெற்றியில் இடிக்கிறது" என்று அவர் ஒருமுறை சொன்னதை நான் ஆய்வேட்டில் சேர்த்திருக்கிறேன். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், தடையற்ற நடைபாதை நடப்பவரின் உயிர் வாழும் உரிமையோடு சேர்ந்தது என்று சொல்லியிருக்கிறது. 2016இன் மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டமும் அதற்கு முன்பே இருக்கிறது. இவை நாளிதழின் எதிரிகள் அல்ல. இவற்றை எண்களாக மாற்றாமல் விடுவதுதான் எதிரி. எண் இல்லாத இடத்தில் 'அவங்க' வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள்.

எண்கள் நம்மிடம் உண்டு. இந்தியச் சாலைக் குழுமத்தின் 2012ஆம் ஆண்டு நடைபாதை வழிகாட்டி, நடப்பதற்கான தடையற்ற அகலம் குடியிருப்புப் பகுதியில் குறைந்தது 1.8 மீட்டர், வணிகப் பகுதியில் 2.5 மீட்டர் என்கிறது. மரம், விளக்குக் கம்பம், இருக்கை போன்றவற்றுக்கு நடைபாதையின் ஓரத்தில் தனிப் பட்டையையும் அது ஒதுக்குகிறது. நாளிதழ்ப் பலகைக்கு உரிய இடம் அந்தப் பட்டை. மேடும் பள்ளமுமாகக் கிடக்கும் போர்ட் பிளேர் சாலைகளில் எல்லா இடத்திலும் இந்த அகலம் கிடைக்காது. கிடைக்காத இடத்தில் பலகை கூடாது என்று எழுதுங்கள், ஏற்கிறேன். பார்வையற்றோருக்கான மேட்டு ஓடுகளின் மேலும், சக்கர நாற்காலிச் சரிவின் வாயிலும், சாலை கடக்கும் முனையிலும் கூடாது என்று எழுதுங்கள். பலகையின் ஓரம் முழுவதும் தரைவரை அடைப்பு இருக்க வேண்டும், முகத்தின் உயரத்தில் கயிறு கூடாது என்று எழுதுங்கள். இதையெல்லாம் ஒரு நாடாவைக் கொண்டு அண்ணாச்சியே அளந்துபார்த்துத் தம் இடம் சரியா என்று தெரிந்துகொள்ள முடியும். அளக்க முடியாத சொற்களை மட்டும் எழுதாதீர்கள்: 'நகரின் அழகுக்கு ஊறு', 'தேவையெனக் கருதினால்', 'உரிய அலுவலர் திருப்தியடையும் வகையில்'. லேக்வுட் மேயருக்குக் கொடுக்கப்பட்ட கைத்தடியின் தமிழாக்கம் இவைதாம். மறுப்பதானால் எழுத்தில், காரணத்தோடு, பெயரும் பதவியும் உள்ள ஓர் எழுவாயோடு மறுக்க வேண்டும். இடம் குறைவாகவும் கேட்போர் மிகுதியாகவும் இருந்தால் குலுக்கல் போடலாம். இதழின் பெயரையும் மொழியையும் விண்ணப்பத்தில் கேட்கவே கூடாது. தீவுக்கு 1994இன் நகராட்சி ஒழுங்குமுறைச் சட்டம் இருக்கிறது, 2014இன் மைய அரசுச் சட்டம் இருக்கிறது. இவற்றின் கீழ் இத்தகைய பக்கம் ஒன்றை எழுத டில்லிக்குப் போக வேண்டியதில்லை.

"அச்சிதழை யார் வாசிக்கிறார்கள்? எல்லார் கையிலும் கைபேசி இருக்கிறதே" என்ற கேள்வி அன்றும் வந்தது. 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் கடலடிக் கம்பிவடம் தீவுக்கு வந்தது. அதற்கு முன் செயற்கைக்கோளை நம்பி ஒரு பக்கம் திறக்கக் காத்திருந்த தலைமுறை நான். கம்பிவடத்தைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. ஆனால் கைபேசி அவரவருக்குக் காட்டுவதை அவரவருக்கே காட்டுகிறது. அதைக் கடந்துபோகும் வங்காளிச் சிறுமிக்குத் தமிழ் எழுத்து தெரியாது, எனக்கு வங்க எழுத்து தெரிந்திருக்காது. ஒரே பலகையில் நான்கு லிபிகள் அடுத்தடுத்துக் கிடந்ததால்தான் வங்க எழுத்தின் தலைக்கோட்டுக்கும் தேவநாகரியின் தலைக்கோட்டுக்கும் வேறுபாடு உண்டு என்று பத்து வயதில் கவனித்தேன். வாசகர் குறைகிறார்கள் என்பது பலகையைச் சிறிதாக்கக் காரணமாகலாம்; அதை எழுவாய் இல்லாத வாக்கியத்திடம் ஒப்படைக்கக் காரணமாகாது.

ஒன்றை மறைக்கக்கூடாது. இந்த எழுத்து விதி யோசனையை அண்ணாச்சியிடமே சொன்னேன். அவர் மகிழவில்லை. "எழுதாத வரைக்கும் பேசிக்கிடலாம் தம்பி. எழுதிட்டா, அளந்து பார்த்து, நீ ரெண்டு விரல் வெளியே இருக்கேன்னு தூக்கிருவாங்க" என்றார். கருத்தரங்கில் எனக்கு எதிராக எழுந்த எல்லா வாதங்களையும்விட வலுவானது இது. வாய்ச்சொல்லில் இருக்கும் நெகிழ்ச்சி அவரை இத்தனை ஆண்டுகள் காத்திருக்கிறது. அவருக்கு அனைவரையும் தெரியும். அனைவருக்கும் அவரைத் தெரியும். ஆனால் அவருக்குப் பின் அந்த முக்காலியில் உட்காரப்போகும், எவரையும் தெரியாத, நேற்று கப்பலிறங்கிய ஒருவருக்கு அந்த நெகிழ்ச்சி கிடைக்காது. அவர் கேட்டதிலும் நியாயம் இருப்பதால் என் வரைவில் ஒரு திருத்தம் செய்தேன்: ஏற்கெனவே இருக்கும் பலகை அளவுக்கு மீறியிருந்தால் முதலில் நகர்த்தித் தர வேண்டும், அதே தெருவில், அதே பக்கத்தில், அகற்றுதல் அதற்குப் பிறகே. திருத்தத்தைப் படித்துக் காட்டினேன். "பார்ப்போம்" என்றார்.

மாணவ நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் இருக்கும் ஊரில் நாளிதழ் விற்கும் ஒரு நடைபாதைக்கு ஒரு நாடாவோடு செல்லுங்கள். பலகையின் நீளம், அகலம், அதைத் தாண்டி நடக்க எஞ்சியிருக்கும் இடம், பலகையில் தெரியும் மொழிகள், இவ்வளவும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அங்கே போடச் சொன்னது யார் என்று கேளுங்கள். வரும் விடையை வினைமுற்று மாறாமல், சொன்னபடியே எழுதி அனுப்புங்கள். விற்பவரின் பெயரும் தெருவின் பெயரும் வேண்டாம்.